கொழிஞ்சாம்பாறைக்கு நான் எதற்காகப் போனேன்

கொல்லங்கோடு
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று உன் மாமன் வந்திருந்தார். காந்தலூர் போஸ்டாபீசுக்கு டிரங்க் கால் போட்டு உன்னை வரவழைத்துப் பேசினாராம். நான் கொழிஞ்சாம்பாறைக்குப் போனது, உனக்கு நிச்சயம் பண்ணின பெண் வீட்டில் உட்கார்ந்து உன் உடம்பைப் பற்றிச் சொன்னது, அதற்கப்புறம் நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார். நீ கடைசிவரை கேட்டுக்கொண்டாயாம். அப்புறம் "அந்தம்மா இருக்கற ஊட்டுக்கு இனி நான் வரலீங்க மாமா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாயாம். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, அந்தம்மா. மாமன் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். பெற்ற பிள்ளை சொன்ன வார்த்தைக்கு நான் அழுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. மாமனுக்குக் காபி வைத்துக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். ரொம்ப நாளாகவே எனக்கு எல்லாம் அலுப்பாகத்தான் இருக்கிறது, கண்ணு. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

உனக்குப் போன் போட்டுப் பேச எனக்கு மனமில்லை. போஸ்ட்மாஸ்டரும் வரிசையில் நிற்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்க, அங்கே நீயும் இங்கே நானும் கத்திக் கத்தி என்ன பேச முடியும்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிற கடிதம், முன்னே பின்னேதான் இருக்கும். கிழித்துப் போடுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஆடி நோம்பிக்கு நீ வந்திருந்தபோது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தாயே, அன்றைக்குத்தான் இது ஆரம்பித்தது. உன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது பின்கழுத்தைப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக, வெல்வெட்டுத் துணி ஒட்டின மாதிரி கருப்பாக இருந்தது. மலையில் கிடக்கிற பிள்ளை, சுடுதண்ணி வைத்துத் தேய்த்துவிட ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு, அரப்புத் தூளை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். "தோலை உரிச்சுப் போடுவே போல இருக்குதும்மா" என்று சிரித்தாய். "அழுக்குடா, ஆறு மாசத்து அழுக்கு" என்றேன். "அழுக்கில்லைம்மா, எத்தனை தேச்சாலும் போக மாட்டேங்குது. மலை வெயிலு" என்றாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. நீ திரும்பிப் பார்த்து "என்னம்மா" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று தண்ணியை ஊற்றினேன்.

அதே கழுத்தை, அதே இடத்தில், அதே அரப்பைப் போட்டு நான் முன்னமே தேய்த்திருக்கிறேன். அது உங்கப்பாவின் கழுத்து. அவரும் வெயில் என்றுதான் சொன்னார்.

உனக்கு உங்கப்பாவை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரியும். அப்படி இல்லாத காலத்தில் நீ கைக்குழந்தை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. விடிய ஏர் கட்டிப் போனால் வெயில் ஏறின பிறகு வருவார். ஒரு சட்டி கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுவார். சித்தூருக்கு நடந்து போய் நடந்தே வருவார். வந்த களைப்பு முகத்தில் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் கன்னம் ஒட்டி, கழுத்து நீளமாக, யாரோ ஒரு பையன் மாதிரி நிற்கிறார்.

நீ நடக்கத் தொடங்கின பிறகுதான் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து அந்த ரைஸ்மில்லைப் பிடித்தார். நல்ல காலம்தான், பொய் சொல்ல மாட்டேன். காட்டு வேலைக்கு ஆள் வைத்தோம். கம்மஞ்சோறும் களியும் போய் மூன்று வேளையும் நெல்லுச்சோறு வந்தது. மில்லில் ஒரு மர நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நெல்லுக் கொண்டுவருகிறவர்கள் பேசிக்கொண்டே டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் மிதக்க வேண்டும். நோம்பி நொடி என்றால் வெல்லமும் பருப்பும் வைத்த ஒப்பிட்டு, எண்ணெயில் சுட்ட கச்சாயம். நான் ஆசையாகத்தான் செய்து போட்டேன். வயிறு முன்னால் வந்தது. "மில்லுக்காரர் ஊட்ல லட்சுமி வந்து உக்காந்துட்டா" என்று ஊர்ச் சனம் அந்த வயிற்றைப் பார்த்துத்தான் சொல்லும். எனக்கும் பெருமையாக இருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட குடும்பத்திலிருந்து வந்தவள் நான். ஆள் பருத்தால் அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கழுத்தில் கருப்பு. தாகம், சொம்பு சொம்பாகத் தண்ணி. கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு. பின்மண்டை வலிக்கிறது என்று காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கழுத்துக்கு அரப்பு, தாகத்துக்கு நன்னாரி, தலைவலிக்குச் சுக்குப் பத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் பார்த்தோம். அத்தனையும் ஒரே வழியில் வந்தவை, ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்தது மூச்சு. மில்லில் நெல் கொட்டுகிற மேடைக்கு நாலு படி இருக்கும். அதில் ஏறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஏனுங்க, இப்படி எளைக்குது?" என்று கேட்டால், "உமித்தூசி அம்மிணி. நெஞ்சுல போய் அடைச்சுக்குது. மில்லுக்காரன் எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்பார். உமித்தூசி, உமித்தூசி என்று சொல்லியே ஒரு வருஷம் போயிற்று. தூதுவளை அரைத்துக் கொடுத்தேன். மில்லில் வேலை பார்த்த மற்றவர்களுக்கும் இருமல் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கால் நுழையவில்லை. உட்கார்ந்து காலை நீட்டி, "இங்க அமுத்திப் பாரு அம்மிணி" என்றார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் பட்ட மாதிரி. இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எனக்கு முப்பத்தேழுதான ஆவுது? கால் வீங்கறது கெழவங்களுக்கல்ல வரும்?" என்று கேட்டார். என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லை. அந்தக் காலிடமே கேட்கிற மாதிரி இருந்தது.

வாடகைக் கார் பிடித்துப் பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்தார்கள். டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். இருதயம் பெருத்துத் தளர்ந்து போய்விட்டது, ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி அதற்கு இல்லை, தள்ள முடியாத தண்ணிதான் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது என்றார். "சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இந்த வயிறு, மூணும் சேந்து பல வருஷமா இந்த இருதயத்தைப் போட்டு அடிச்சிருக்குது. ஏன் இத்தனை நாளா வரலை?" என்று கேட்டார். உங்கப்பா, "நோவு ஒண்ணும் இல்லீங்களே டாக்டர்" என்றார். அந்தப் பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. நோவு இருந்தால் மனிதன் ஓடுவான். இது நோவாமல் வருகிறது, கண்ணு. உனக்கும் இப்போது ஒன்றும் நோகவில்லை, எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் இருந்ததெல்லாம் ஒரு வருஷத்துக்கும் குறைவு. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் மில்லில் இருந்த நாற்காலியையே வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டோம். தூங்குவதும் அதில்தான். உப்பில்லாத சோறு. முதல் நாள் வாயில் வைத்துவிட்டு, "செவுத்தைச் சொரண்டித் திங்கற மாதிரி இருக்குது" என்றார். ஆனாலும் தின்றார். தட்டை ஒரு நாளும் தள்ளிவிடவில்லை. பிழைக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்தது அந்த மனிதனுக்கு. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவர் அசட்டையாக இருந்து போனவர் என்று நீ நினைத்துவிடாதே. தெரிந்த நாளிலிருந்து சொன்னதெல்லாம் கேட்டார். தெரிய வந்தபோது நேரம் கடந்திருந்தது. ஒரு மத்தியானம் "மில்லு ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதுங்க, சத்தம் கேக்கலீங்களா?" என்றேன். கஞ்சி எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.

மில்லுப் பங்கைக் கூட்டாளியே எடுத்துக்கொண்டார். பின்னால் நிலச் சட்டம் வந்து குத்தகைக்கு விட்டிருந்த வயல் எல்லாம் உழுதவர்களுக்குப் போயிற்று. அதைக் குறை சொல்ல மாட்டேன், உழைத்தவர்கள் அவர்கள். இங்கே இருந்து என்ன செய்வது என்று நீ காந்தலூருக்குப் போனாய். உருளைக்கிழங்கு, பூண்டு, கோஸ் என்று பாடுபட்டு, ஜீப் வாங்கி, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைச் சந்தைக்குச் சரக்கு இறக்குகிற அளவுக்கு வந்துவிட்டாய். எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த பிள்ளை ஜீப்பில் உட்கார்ந்துவிட்டாய். பக்கத்துக் காட்டுக்குப் போவதற்கும் ஜீப். சந்தை நாளில் உடுமலைப்பேட்டையில் புரோட்டாவும் கறியும். நோம்பிக்கு வந்தபோது சட்டைப் பித்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது. "அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கறான்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். 

அதனால்தான் வம்பு பண்ணி உன்னைப் பாலக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "நல்லா இருக்கறவனை எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு இழுக்கறே" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாய். அந்த மலையாள டாக்டர் உன் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினாரே, நினைவிருக்கிறதா? நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. நீ வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்தாய். அந்த நிறம் வந்தால் சர்க்கரை அதிகம் என்று எனக்குக் கோயமுத்தூரிலேயே தெரியும். கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார், இரண்டு தடவை. நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஹ்ருதயம் கொறச்சு வலுதாயிட்டுண்டு" என்றார். கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. கொஞ்சம்தான். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "பேடிக்கண்டா. இப்போ வந்தது நன்னாயி. வயறு கொறக்கணம், உப்பு கொறக்கணம், நடக்கணம், மருந்து முடக்கருது" என்றார், மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாதாம். பயப்பட வேண்டாம், இப்போதே வந்தது நல்லதாயிற்று என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

நீ காதில் வாங்கினது வேறு. பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கண்ணாலம் முடியட்டும்மா. அப்பறம் மாத்திரை, பத்தியம் எல்லாம் பாத்துக்கலாம். கொழிஞ்சாம்பாறையில மூச்சு விட்றாதே." வீட்டுக்கு வந்து மாமனிடம் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னார். "எந்த ஊட்ல இல்லை சர்க்கரை? சொன்னா பொண்ணு கிடைக்குமா அம்மிணி?" நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை. கல்யாணம் முடிந்த பிறகாவது மாத்திரையைத் தின்பாய், வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புரட்டாசியில் முகூர்த்தப் புடவை எடுக்கப் பாலக்காட்டுக்குப் போனோம். தெய்வானையும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். நீ அந்தப் பெண்ணை இரண்டு தடவைதான் பார்த்திருப்பாய். பத்தாவது முடித்தவள். வீட்டு மாடுகள் எல்லாம் அவள் கைப்பராமரிப்பு. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் நேரே கண்ணைப் பார்த்துப் பேசுவாள். கடையில் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "ஏனுங்கத்தை, அவருக்கு ஒப்பிட்டுன்னா உசுராமாங்க? உங்க அண்ணன் சொன்னாருங்க. அம்மாகிட்ட கத்துக்கிட்டு இருக்கறேன். இன்னும் பூரணம் வெளிய வந்துருதுங்க" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நான் என்ன நிறம் எடுத்தேன், என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. வீடு வந்து சேர்ந்து, சோறு வடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வெல்லமும் பருப்பும் நெய்யும் வைத்துத் தட்டித் தட்டி உனக்குப் போடப் போகிறாள். ஆசையாகப் போடப் போகிறாள். நான் போட்ட மாதிரியே. ஒரு நாள் நீ காலை நீட்டி, இங்கே அமுத்திப் பாரு என்று அவளிடம் சொல்வாய். அப்போது அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சித்தூர் போய், அங்கே மாறி, கொழிஞ்சாம்பாறையில் இறங்கினேன். மாமனிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டார். சம்பந்தியம்மா என்னைத் தனியாகப் பார்த்ததும், புடவை பிடிக்காமல் மாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்பமுங்க" என்று பாயை விரித்தாள். அவள் வீட்டுக்காரரும் களத்திலிருந்து வந்து உட்கார்ந்தார். காபியைக் கையில் வாங்கினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று, வாங்காமலே சொன்னேன். உங்கப்பா எப்படிப் போனார், பாலக்காட்டு டாக்டர் உன்னைப் பார்த்து என்ன சொன்னார், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "டாக்டர் பயப்பட வேண்டாம்னுதான் சொன்னாருங்க. பத்தியமா இருந்தா நல்லா இருப்பான். ஆனா உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுங்க" என்றேன். சம்பந்தி எழுந்து வாசலுக்குப் போய், அங்கே கட்டியிருந்த கன்றின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

தெய்வானை சமையல்கட்டு நிலையில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு அம்மிணி."

"மாமனாருக்கு இப்படி வரும்னு உங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, நீங்க அவரைக் கட்டியிருப்பீங்களா?"

யோசிப்பதற்கு முன்னாலேயே என் வாய் சொல்லிவிட்டது. "மாட்டேன்."

அவள் அம்மா "ஐயோ" என்றாள். நான் சொன்னது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. உங்கப்பா என்னை ஒரு சுடுசொல் சொன்னவரில்லை. ஆனால் பதினெட்டு வயதில் என்னிடம் யாராவது வந்து, இந்த மனிதன் முப்பத்தெட்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விடுவான், நீ ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக நிற்பாய் என்று சொல்லியிருந்தால், நான் பயந்து ஓடியிருப்பேன். அது நிஜம். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து என்னால் வேறு மாதிரி சொல்ல முடியவில்லை.

"அப்ப என்னை மட்டும் எப்படிங்க கட்டிக்கச் சொல்றீங்க?"

"கட்டிக்கச் சொல்லி வரலை அம்மிணி. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அவருக்குத் தெரியுமுங்களா, இது எல்லாம்?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"நீங்க இங்க வந்தது?"

"தெரியாது."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் நான் கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தாள்.  பஸ் வந்ததும் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அது கிளம்புகிறவரை நின்றாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் அப்பா மட்டும் வந்தார். நிச்சயத்துக்கு நாம் வைத்த புடவை, தட்டு எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நீங்க வந்து சொன்னதுக்கு உங்க கால்ல விழுந்தாலும் தகுமுங்க. ஆனா ஒரே பொண்ணுங்க எனக்கு" என்றார். நான் இலை போட்டேன். நல்ல மனிதர், நான் வருத்தப்படுவேன் என்று உட்கார்ந்தார், ஆனால் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு, வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார்: "புள்ள ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாளுங்க. அவரு மாத்திரை சாப்படறாராங்கறதை."

நீ சாப்பிடுகிறாயா இல்லையா, கண்ணு? எனக்குத் தெரியவில்லையே. சாப்பிடுகிறான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் போய் அவ்வளவு நிஜத்தைச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு, இந்தச் சின்னப் பொய் வாயில் வரவில்லை. "கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். அவர் போய்விட்டார். நாலு நாளாக அந்தக் கேள்விதான் வீட்டில் இருக்கிறது.

உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நீ சொல்கிறாய். கெடுத்ததுதான். இல்லை என்று சாதிக்க எனக்குச் சக்தி இல்லை. நல்ல பெண் கைவிட்டுப் போயிற்று. எனக்கும் அது ஆறவில்லை. ஆனால் அவளிடம் மறைத்து அவளைக் கொண்டுவந்து, என் இடத்தில் அவளை உட்கார வைத்திருந்தால், அந்தப் பாவத்தைச் சுமக்கவும் எனக்குச் சக்தி இல்லை. இனி வேறொரு இடம் வந்தால் நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீயே சொல். உன் வாயால் சொன்னால் அதைக் கேட்டும் வருகிறவள் ஒருத்தி இருப்பாள். தெய்வானையிடமே நீ நேரில் போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இப்போது அதைப் பேசி என்ன.

நீ இங்கே வர வேண்டாம். வரமாட்டேன் என்று சொன்ன பிள்ளையை நான் கூப்பிடவில்லை. உடுமலைப்பேட்டையிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகிற நாளில் ஒரு எட்டுப் போய்க் காட்டு. பாலக்காட்டு டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகளை வாங்கி, உன் சரக்கு ஏற்றுகிற லாரிக்காரர் பொள்ளாச்சி வந்தபோது கொடுத்தனுப்பியிருக்கிறேன். சர்க்கரைக்கு வெள்ளை, பிரஷருக்கு மஞ்சள். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிடாதே, நிறுத்தக் கூடாது என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். காட்டுக்கு நடந்து போ. ஜீப் சரக்குக்கு இருக்கட்டும். அங்கே உனக்குச் சமைத்துப் போடுகிற அம்மாவிடம் உப்பைக் குறைக்கச் சொல், அப்பளம் ஊறுகாய் வேண்டாம் என்று சொல். மேடு ஏறும்போது இளைத்தால் மலைக்காற்று என்று சொல்லிக்கொள்ளாதே. காலையில் எழுந்ததும் உன் கணுக்காலை நீயே ஒரு தடவை அமுக்கிப் பார்.

இருபத்தொன்பது வயது உனக்கு. என் பிள்ளையிடம் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று கை ஓய்ந்து போகிறது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். லாரிக்காரரிடம் "சாப்படறேன்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவர் வந்து சொல்லிவிடுவார். நான் கொழிஞ்சாம்பாறைக்கும் சொல்லி அனுப்பிவிடுகிறேன், கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

என்மேல் கோபமாக இரு, சாமி. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபமாகவே இரு. இருந்தால் போதும்.

அம்மா